நயினாதீவுக் கடலில் சுருண்ட பாய்

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு யாழ்ப்பாணத்தில் ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஏறினேன். மடியில் ஒரு பிஸ்கட் ரின். அதற்குள் எண்ணெய்த் தாளில் சுற்றிய இரண்டு பேரிங்குகள், ஒரு சின்னக் கப்பி, பன்னிரண்டு மீற்றர் கயிறு. பண்ணைப் பாலத்தில் காற்று ஜன்னலால் அடித்தது. மண்டைதீவுச் சந்தியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் ரின்னைப் பார்த்தார்.

"என்ன அண்ணை, கேக்கோ?"

"இல்லை அக்கா, பேரிங். பாய்க்குப் போடுறது."

"படுக்கிற பாய்க்கோ?"

பஸ்ஸின் பாதி சிரித்தது. கடலில் ஓடுகிற பாய் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் இறங்கவேண்டிய அல்லைப்பிட்டி வந்துவிட்டது.

நான் பிறந்தது சரவணையில். குருநாகலில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். என் மாமாவின் மகள் சுகந்தி ஊர்காவற்றுறையில் கணித ஆசிரியை. மூன்று வருடங்களுக்கு முன், கிழக்குக் கரையில் இழுத்து மூடிய ஒரு விடுதியிடமிருந்து அவள் சிறிய கற்றமரான் ஒன்றை வாங்கினாள். பதினெட்டு அடி நீளம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஒடுங்கிய தோணிகள். நடுவில் ஆட்கள் இருக்க ஒரு வலைத்தட்டு. பெரிய பாய் ஒன்று, முன்பாய் ஒன்று. முன்பாயை இறக்கத் தேவையில்லை. மூக்கில் இருக்கும் உருளையில் சுற்றிய கயிற்றை இழுத்தால், பாய்மர உச்சியிலிருந்து மூக்குக்கு இறங்கும் முன்கம்பியைச் சுற்றிப் பாய் தானாகச் சுருண்டுகொள்ளும். சுருள வேண்டும் என்பதுதான் கணக்கு.

சென்ற ஆண்டு நயினாதீவுக்கு முன்னால் காற்று இறுகியபோது முன்பாய் அரைவாசியில் நின்றுவிட்டது; உருளையின் பேரிங் பழுது என்றே எல்லோரும் நினைத்தோம். படகு மணல் திட்டில் ஏறியது. சுகந்தியின் கணவர் பாலன் தூக்கி எறியப்பட்டு, வலது தோள் எலும்பை முறித்துக்கொண்டார். எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் அவர் அதன் பின் படகில் கால் வைக்கவில்லை.

சுகந்தி தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "மச்சான், இவர் விக்கப் போறார். திங்கள் காலமை ஆள் வருது. அதுக்கு முன்னம் ஒருக்கா நெடுந்தீவுக்கு ஓடிக் காட்ட வேணும். வாங்கோ."

நான் போய் இறங்கிய வெள்ளி பின்னேரமே உருளையைக் கழற்றினோம். ஆணிகள் உப்பில் இறுகியிருந்தன. வினாகிரியில் ஊறவைத்து, கொதிநீர் ஊற்றி, ஒரு மணித்தியாலம் போராடினோம். சனிக்கிழமை காலை வேலணையில் சவிரிமுத்து அண்ணையின் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அவர் உருளையைத் தட்ட, உள்ளிருந்து செம்மண்ணிறத் தூள் கொட்டியது.

"பேரிங் குண்டுகளோ இது? குரக்கன் மா மாதிரியெல்லோ கொட்டுது!"

குழியைச் சற்றுப் பெருப்பித்து என் பேரிங்குகளை இறுக்கமாக இருத்தித் தந்தார். இவை மூடி போட்டவை. உப்பும் மணலும் உள்ளே போகாது. அவர் விரலால் ஒரு தட்டுத் தட்ட, உருளை சத்தமில்லாமல் சுழன்றுகொண்டே இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கயிறு உருளைக்கு நேராக வந்து சேர வழியில் கப்பியையும் பூட்டினோம். இனிக் கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்காது.

மூன்று மணிக்குத் துறையில் பாயை ஏற்றி, விரித்து, கயிற்றை இழுத்தேன். பாய் அரைவாசி சுருண்டது. நின்றது. பலங்கொண்டு இழுத்தேன். அசையவில்லை. என் முகத்தில் இருந்த பெருமையெல்லாம் வடிந்துபோயிற்று.

மதிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த பாலன் மெதுவாகச் சொன்னார்: "அண்ணை, இவ்வளவு தூரம் வந்தனீங்கள். ரெண்டு நாள் ஆறுதலா இருந்திட்டுப் போங்கோ. உதோடை மினக்கெட ஏலாது."

சுகந்தி படகில் ஏறினாள். வலைத்தட்டில் மல்லாந்து படுத்து, கையால் வெயிலை மறைத்து உச்சியைப் பார்த்தாள். "இன்னொருக்கா இழுங்கோ... விடுங்கோ... இழுங்கோ." பிறகு எழுந்தாள். "கீழை பிழையில்லை மச்சான். மேலைதான் பிழை. பாயை ஏத்துற கயிறு கம்பியைச் சுத்துது, பாருங்கோ."

பார்த்தேன். கயிறும் முன்கம்பியும் உச்சியில் ஒட்டிக்கொண்டு ஓடின. பாய் சுருளும்போது கயிறும் கூடவே கம்பியில் கொடிபோலப் படர்ந்து இறுகியது. போன தடவை பாயின் கழுத்தை நெரித்ததும் இதுவாகத்தான் இருக்கும்.

"ரெண்டும் சமாந்தரமாப் போகுது. ஒரு கோணம் கிடைச்சால் சுத்தாது" என்றாள். வகுப்பில் பேசுகிற குரல்.

துறையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த நாலு பேரைக் கூப்பிட்டுப் பாய்மரத்தைச் சாய்த்தோம். உச்சிக்கு ஒரு முழம் கீழே, மரத்தோடு சேர்த்து ஒரு வளையம் அறைந்து, ஏற்றும் கயிற்றை அதற்குள்ளால் விட்டோம். இப்போது கயிறு மரத்தின் பக்கம் இழுபட்டுக் கம்பியை விட்டு விலகி நின்றது. பாயின் உச்சியைப் பிடிக்கும் சுழலியையும் கழுவித் துடைத்தோம். மரத்தை நிமிர்த்தியதும் சுகந்தியே இழுத்தாள். பாய் வெற்றிலைச் சுருள் போலச் சுருண்டது. வலைக்காரர்கள் கைதட்டினார்கள். பாலன் மதிலில் இருந்து இறங்கி வந்து, உருளையை விரலால் சுற்றிப் பார்த்தார்.

ஞாயிறு காலை ஏழு மணி. கடற்படைக் காவலரணில் பெயர் பதிந்துவிட்டு வந்தால், பாலன் உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

"நீங்கள் ரெண்டுபேரும் போக நான் கரையிலை நிண்டு பார்க்க ஏலாது."

சுகந்தி சுருட்டும் கயிற்றை எடுத்து அவர் இடது கையில் வைத்தாள். "அப்ப இது உங்கடை வேலை."

ஏழு பத்துக்குப் புறப்பட்டோம். வடக்கிலிருந்து நல்ல காற்று. எழுவைதீவும் அனலைதீவும் வலப்பக்கமாக நகர்ந்தன. எட்டரை அளவில் நயினாதீவுக் கோபுரம் தெளிவாகத் தெரிந்தது. போன வருடம் விழுந்த இடம்; பாலன் கயிற்றை இறுக்கிப் பிடித்தார். பின்னால் கடலின் நிறம் மாறிக்கொண்டு வந்தது. கறுத்த, சுருக்கம் விழுந்த நீர். காற்று எங்களை எட்டிப் பிடித்தபோது கம்பிகள் ஊளையிட்டன. இடது தோணியின் மூக்கு தண்ணீருக்குள் குனிந்தது. 

"இப்ப!" என்று சுகந்தி கத்தினாள். நான் முன்பாயை இறுக்கிவைத்த கயிற்றைத் தளர விட்டேன். பாய் வெடி போலப் படபடத்தது. பாலன் இழுத்தார். இடது கையால், இருந்தபடியே. ஒன்று, இரண்டு, மூன்று. எட்டாவது இழுவையில் முன்பாயே இல்லை. கம்பியில் ஒரு வெள்ளைக் கோல் மட்டும். மூக்கு நிமிர்ந்தது. படபடப்பு அடங்கிய அந்த அமைதியில், பெரிய பாயோடு மட்டும் படகு ஒழுங்காக ஓடியது.

பாலன் தன் கையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "ஒரு கையாலை!" என்றார். "சுகந்தி, ஒரு கையாலை!"

காற்றின் வேகம் குறைந்ததும் பாயை விரித்தார். தேவையில்லாமலே மறுபடி சுருட்டினார். மறுபடி விரித்தார். குறிகட்டுவானிலிருந்து வந்த பயணிகள் படகு எங்களைக் கடந்தபோது, அவர்களுக்காகவும் ஒருமுறை சுருட்டிக் காட்டினார். ஓட்டி ஹோர்ன் அடித்தார். நான் வாய்விட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

பத்து மணிக்குச் சற்று முன் நெடுந்தீவு மாவிலித்துறை. ஏறத்தாழ இருபத்தாறு கிலோமீற்றர் கடல். துறையில் தேநீர் விற்ற அக்கா கேட்டார்: "தம்பி, தூரத்திலை ரெண்டு பாய் கண்டனான். ஒண்டு கிழிஞ்சு போச்சோ?"

பாலன் படகுக்குத் திரும்ப ஓடிப்போய் விரித்துக் காட்டினார். பின்பு தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே தொலைபேசியை எடுத்தார். "தம்பி, நாளைக்கு வராதையும். விக்கேல்லை. ஓம், யோசிச்சுத்தான் சொல்லுறன். விக்கேல்லை." சுகந்தி கடலைப் பார்த்தபடி நின்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

ஓட்டோ ஒன்று பிடித்து, மூவாயிரம் ரூபாய்க்குத் தீவைச் சுற்றினோம். பவளக்கல் வேலிகள், மட்டக்குதிரைகள், குடம்போலப் பருத்த அடியோடு பெருக்கு மரம். பாலன் எல்லாவற்றையும் அவசரமாகப் பார்த்தார். அவருக்குப் படகுக்குத் திரும்ப வேண்டும். திரும்பும் வழி காற்றை நெற்றியில் வாங்கி ஓடும் வழி. முகமெல்லாம் உப்பு. நாலு இருபதுக்கு ஊர்காவற்றுறையில் இறங்கியதும் சுகந்தி அரை வாளி நல்ல தண்ணீரால் உருளையையும் சுழலியையும் கழுவினாள். கிறீஸ் பூசினால் மணல் ஒட்டும், கழுவினால் போதும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

திங்கள் காலை புறப்பட்டேன். குருநாகலில் கடலும் இல்லை, உப்புக் காற்றும் இல்லை. கடைக்கு முன்னால் லொறிகள்தான். இருபத்திரண்டு வருடமாகப் பேரிங் விற்கிறேன். வருபவரிடம் அளவைக் கேட்பேன், எடுத்துக் கொடுப்பேன். அது எங்கே போய்ச் சுழல்கிறது என்று கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமை கடை திறந்ததும் முதலில் வந்தவர் ஒரு பேரிங் கேட்டார். எதற்கு என்று கேட்டேன். ஆச்சரியமாகப் பார்த்தார். நெல்லுக் குத்துகிற மெஷினுக்கு, மூன்று நாளாக நிற்கிறது என்றார். கதிரையை இழுத்துப் போட்டு, எந்த இடத்தில் நின்றது என்று விபரமாகச் சொல்லச் சொன்னேன்.