ரேஷன் கடைப் பலகையில் இன்றைய தேதி

ராட்டர்டாமில் டிராமுக்குக் காத்து நிற்கும்போது, எண்ணூரில் நாற்றம் அடிக்கிறதா இல்லையா என்று முடிவு செய்வது என் வேலை. சம்பளமில்லாத வேலை. இங்கே நாற்றம் என்று போன் செய்தால் கருவியோடு ஆள் வந்து நிற்கிறான். அங்கே யாரும் வரமாட்டார்கள் என்பதால் எங்கள் தெருக்காரர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். கம்பெனிப் புகை, ஆற்றில் மிதக்கும் எண்ணெய் என்று கண்ணில் பட்டதையெல்லாம் படம்பிடிப்பார்கள். முதலில் அட்மினாக இருந்தவரை யாரோ வீடு தேடி வந்து மிரட்ட, "ஃபாரின் நம்பர்னா வூட்டாண்ட வர மாட்டாங்க" என்று அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

ஒருமுறை யாரோ பழைய கேஸ் லீக் வீடியோவை 'இப்போ' என்று போட்டுவிட, ஜனம் அலறியடித்து ஓடியதில் ஒரு கர்ப்பிணிப் பெண் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு சட்டம் போட்டேன். வீடியோக்கள் எனக்குத்தான் வர வேண்டும்; நான் பார்த்துத்தான் குழுவில் போடுவேன். எதுவானாலும் ரேஷன் கடைப் பலகையைக் காட்டித் தொடங்க வேண்டும். அரிசி, பருப்பு இருப்புக்கு மேலே அன்றைய தேதியைச் சாக்பீஸில் எழுதியிருப்பார்கள். அதைவிட நல்ல சாட்சி எங்கள் ஏரியாவில் கிடையாது.

போன மாதம் நான் ஆபீஸில் இருந்தபோது என் தம்பி அந்தோணி ஒரு வீடியோ அனுப்பினான். தெருமுனையில் வெள்ளைப் புகை தரையோடு தரையாக நகர்ந்து வந்தது. பலகையைக் காணோம். பக்கத்து மேசை மரீக்கா எட்டிப் பார்த்து, "உங்கள் ஊர்ப் பனியா? என்ன அழகு!" என்றாள். அவளுக்கு விளக்க எனக்குப் பொறுமையில்லை. தம்பியைக் கூப்பிட்டேன்.

"பலகை எங்கடா?"

"யக்கா, கேஸு லீக்கு. பலகையாண்டதான் பொகையே நிக்குது. அங்க போயி இன்னாத்த எடுக்க சொல்ற?"

"அப்ப தெருவுல கத்தி சொல்லு."

"கத்திகினுதான் கீறேன். குரூப்புல வர்ட்டும்ன்றாங்க. நீ போடு."

"தேதி இல்லாம போட மாட்டேன். போன தபா நடந்தது மறந்துபோச்சா?"

சொந்தத் தம்பியிடம் அப்படிச் சொன்னேன். அவனும் என்னைத் திட்டிவிட்டுப் போனான்.

ஐந்து நிமிடத்தில் வீடியோ வந்தது. தேதி தெளிவாக இருந்தது. அதன்பிறகு படம் ஆடியது. இருமல் மட்டும் கேட்டது. உடனே போட்டேன். தெரு காலியாயிற்று, எல்லோரும் தப்பித்தார்கள். அந்தோணி மட்டும் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடந்தான். குழுவிலோ 'அட்மின் அக்காவுக்கு நன்றி' என்று கைகூப்பும் பொம்மைகள் குவிந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள்மேலா, என்மேலா என்று இன்னும் தெரியவில்லை.

வீடியோ காலில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். மாஸ்க்கை விலக்கிக்கொண்டு சிரித்தான்.

"வுடுக்கா. நீ இங்க இருந்திருந்தா போர்டா கேட்டிருப்ப? என்னியும் இஸ்துகினு ஓடிருப்ப."

சொல்லும்போதே அவனுக்கு மறுபடி இருமல் பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியே சுத்தமான காற்று வந்துகொண்டிருந்த என் அறையில், நான் ஸ்கார்ஃபால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.