வெறுங்கையோடு போகாதவர்கள்

அமெரிக்க ஜனாதிபதிமேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இருக்கிறது. அவருக்கு என்னைத் தெரியாது. தெரிந்தவர்களோடு மட்டும்தான் கோபிக்கலாம் என்று சட்டம் இருக்கிறதா என்ன? சுவிஸின் லா ஷோ-து-ஃபோனில், பெரிய கொம்பனிகளுக்குக் கைமணிக்கூட்டு உறைகள் செய்து கொடுக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேலாக எஃகை மினுக்கிக்கொண்டிருக்கிறேன். அந்த மணிக்கூடுகளில் பெரிய பங்கு அமெரிக்காவுக்குத்தான் போகும். அதனால் அங்கே அவர் பேனையைத் திறந்தால் இங்கே எங்கள் மெஷின் நிற்கிறது.

எனக்குப் பக்கத்து மெஷினில் ஒருத்தி வேலை செய்தாள். வன்னியிலிருந்து வந்தவள். என்னை அக்கா என்பாள், நான் அவளைத் தங்கச்சி என்பேன். அவளிடம் இருந்தது எஃப் விசா. இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம், எல்லை தாண்ட முடியாது. அவளோடு கூடப் பிறந்த அக்கா பாரிஸில் விசா எதுவும் இல்லாமல் இருந்தாள். அவளாலும் இங்கே வர முடியாது. பதினொரு வருடமாக இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் போனில்தான் பார்க்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து பிரான்ஸ் எல்லை கூப்பிடு தூரம். எங்களோடு வேலை செய்யும் பிரெஞ்சுக்காரர் காலையில் தாண்டி வருவார்கள், பின்னேரம் தாண்டிப் போவார்கள். அவள் கையைக் கழுவிக்கொண்டே ஜன்னலால் அந்தக் கார்களைப் பார்ப்பாள்.

பி விசா கிடைத்தால் அவளும் போகலாம். அதற்கு நிரந்தர வேலை வேண்டும். அவளோ ஏஜென்சி மூலம் வந்த தற்காலிக ஆள், எங்கள் ஊர்ப் பேச்சில் 'தொம்போரேர்'. கோடை விடுமுறை முடிந்து வந்ததும் நிரந்தரமாக்குவோம் என்று எங்கள் பகுதிப் பொறுப்பாளர், நாங்கள் ஷெஃப் என்று கூப்பிடுபவர், என் முன்னாலேயே சொன்னார். அன்றைக்கே அவள் பாரிஸுக்கு என்ன உடுத்திக்கொண்டு போவது என்று கதைக்கத் தொடங்கிவிட்டாள்.

மணிக்கூட்டுத் தொழிற்சாலைகள் எல்லாம் கோடையில் ஒன்றாகப் பூட்டும். அந்த விடுமுறையில்தான் செய்தி வந்தது. ஆகஸ்ட் முதலாம் திகதி, சுவிஸின் பிறந்தநாள். பால்கனிகளில் கடதாசி விளக்குகள் தொங்க, எங்கள் சாமான்களுக்கு அமெரிக்கா பெரிய வரி போட்டுவிட்டது என்று ரேடியோ சொன்னது. காரணம், அவசரநிலை. என்ன அவசரம் என்று பார்த்தால், அவர்கள் எங்களிடம் கூட வாங்குகிறார்களாம், நாங்கள் அவர்களிடம் குறைய வாங்குகிறோமாம். வருடக்கணக்காக நடக்கிற வியாபாரம் திடீரென்று அவசரமாகிவிட்டது.

அவசரகாலம் என்ற சொல்லை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இலங்கையில், எங்கள் நாட்டில், மாதா மாதம் பாராளுமன்றத்தில் கையை உயர்த்தி அதை நீடிப்பார்கள். அந்தச் சட்டத்தோடு வந்து கதவைத் தட்டுகிறவனிடம் காரணம் கேட்க முடியாது. அதைவிட்டுத் தப்பித்தான் இந்தப் பனிக்குள் வந்தோம். அது இங்கேயும் தேடிவரும், அதுவும் மணிக்கூட்டைப் பிடிக்க வரும் என்று யார் கண்டது?

என் கணவருக்கோ அந்த ஜனாதிபதி ஒரு வீரன்.

"இஞ்சை பாரும், இந்த நாட்டிலை ஏழு மந்திரிமார் கூடியிருந்து கதைச்சுக் கதைச்சே காலம் போகுது. அந்தாள் ஒரு கையெழுத்து வைக்கிறான், அலுவல் முடியுது. தலைவன் எண்டா அப்பிடி இருக்கோணும்."

"அவசரகாலச் சட்டத்துக்குப் பயந்து ஓடி வந்த ஆள் நீங்கள். இப்ப அது உங்களுக்கு இனிக்குதோ?" என்று கேட்டேன். "தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன் எண்டு சும்மாவே சொல்லி வைச்சவை?"

அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

அமெரிக்காவில் அந்த வரிக்கு எதிராக வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவசரநிலையில் இறக்குமதியை ஒழுங்குபடுத்த ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டு, வரி போடுவதும் அதற்குள் அடக்கம் என்றார்கள் அவருடைய சட்டத்தரணிகள். வரி போடுகிற உரிமை மக்கள் தெரிந்தெடுத்த காங்கிரசுக்கு மட்டும்தான், ஒரு தனி மனிதர் அதைத் தூக்கித் தன் சட்டைப்பைக்குள் வைக்க முடியாது என்றது எதிர்த்தரப்பு. என் கணவர் இரண்டையும் சோபாவில் சாய்ந்திருந்து கிரிக்கெட் பார்ப்பதுபோலப் பார்த்தார். பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது.

விடுமுறை முடிந்து நாங்கள் வேலைக்குத் திரும்பிய கிழமையே தொம்போரேர் எல்லோரையும் நிற்பாட்டினார்கள். ஓடர் இல்லை, வீட்டுக்குப் போங்கள். தங்கச்சி அழவில்லை. அடுத்த நாள் எனக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, பேர்சனல் ஒஃபிசிலை இருக்கிற அம்மாவைக் கண்டு கதைப்பம். நீங்கள் பிரெஞ்சிலை சொல்லித் தாங்கோ."

போனால், அவள் கையில் பெரிய தட்டு. விடியவே எழும்பிப் பொரித்த மட்டன் ரோல்ஸ்.

"இது என்னத்துக்கு?"

"வெறுங்கையோடை என்னெண்டு அக்கா போய்க் கேக்கிறது?"

எங்கள் ஆட்கள் அப்படித்தான். ஊர் விதானையாரிடம் ஒரு கையெழுத்துக்குப் போனாலும் வாழைக்குலையோடு போய்ப் பழகியவர்கள். ஆட்களை வேலைக்கு எடுக்கும் அந்த அம்மா தட்டைப் பார்த்துச் சிரித்தார். நல்ல வாசம் என்றார். பிறகு அதை மெதுவாக எங்கள் பக்கம் தள்ளினார். வேலை பற்றிக் கேட்க வந்திருக்கும்போது எதையும் வாங்கக்கூடாது, மற்றவர்களுக்கு அது நியாயமில்லை என்றார். வேலையைப் பற்றி, அமெரிக்காவில் என்ன நடக்கிறதென்று பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்.

தங்கச்சிக்கு முகம் சுண்டிப்போனது. எனக்குக் கவலைதான். ஆனால், உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. "இந்த நாட்டிலை தட்டைப் பார்த்து அலுவல் செய்யிறேல்லை, அதுதான் இதின்ரை மரியாதை" என்று பஸ் தரிப்பில் நின்று அவளுக்கு விளங்கப்படுத்தினேன். அவள் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு ரோல்ஸை மூடினாள்.

ஆகஸ்ட் முடிகிற நேரம் அங்கே மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஜனாதிபதிக்கு அப்படி வரி போட அதிகாரம் இல்லை. திங்கட்கிழமை காலையில் நான் வேலைக்குப் போனால், கேற்றடியில் தங்கச்சி நிற்கிறாள். தோய்த்து அயர்ன் பண்ணிய வேலை மேலங்கி. கையில் சாப்பாட்டுப் பெட்டி.

"போனிலை பார்த்தனான் அக்கா. பிழை எண்டு சொல்லிப்போட்டினம் எல்லோ. இனி ஓடர் வரும்தானே, அதுதான் வந்திட்டன்."

மீதித் தீர்ப்பை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பிழைதான், ஆனால் எல்லாவற்றுக்கும் மேலேயுள்ள உயர்நீதிமன்றம் பார்க்கும்வரை வரி அப்படியே தொடரும். சொல்லச் சொல்ல எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. களவு என்று தெரிந்த பிறகும் கள்ளனை நிதானமாக அள்ளச் சொல்லுகிற நீதி இது. பெரிய கொம்பனிகள் வழக்கு முடியும்வரை காத்திருக்கும், கட்டிய வரியைத் திருப்பியும் கேட்கும். அவளை வேலையால் நிற்பாட்டியதைத் திருப்பிக் கேட்க எந்த நீதிமன்றம் இருக்கிறது? அவள் சாப்பாட்டுப் பெட்டியை என்னிடம் தந்துவிட்டுப் போனாள். நான் அன்றைக்கு அதைச் சாப்பிடவில்லை.

நவம்பரில் பனி கொட்டத் தொடங்கியபோது இன்னொரு செய்தி. இந்த நாட்டின் பெரிய முதலாளிகள் சிலர் கடல் தாண்டிப் போய் அந்த ஜனாதிபதியை நேரில் கண்டார்கள். வெறுங்கையோடு போகவில்லையாம், தங்கக் கட்டியும் மேசை மணிக்கூடும் கொண்டு போனார்களாம். சில நாட்களில் வரி குறையும் என்று அறிவித்தார்கள். அதை லஞ்சம் என்று நான் சொல்லவில்லை, அது சட்டத்தரணிகள் கதைக்கிற கதை. ஆனால் இத்தனை நீதிபதிகள் சொல்லி அசையாதது ஒரு சந்திப்பில் அசைந்ததை என் கண்ணால் பார்த்தேன். கோப்பி இடைவேளையில் ஷெஃப் எல்லோருக்கும் குரோசோன் பணிஸ் வாங்கி வைத்தார். அந்த மனிதரோடு எப்படிப் பழக வேண்டும் என்று தெரிந்தவர்கள் போனார்கள், அதுதான் கெட்டித்தனம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"அப்படியென்றால் ரோல்ஸுக்கு மட்டும் என்ன சட்டம்?" என்று பிரெஞ்சில் கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. தங்கச்சியை எப்போது கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன். இருக்கிற ஆட்களே போதும், வருகிற வருடத்துக்கும் யோசனை இல்லை என்றார். நான் குரோசோனைத் தொடாமல் மெஷினடிக்குப் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி எங்கள் வீட்டுக்கு வந்தாள். வெறுங்கையோடு வந்து அவளுக்குப் பழக்கம் இல்லை, ரோல்ஸ் கொண்டு வந்தாள். டிவியில் அந்த முதலாளிகளின் சந்திப்பைத் திரும்பக் காட்டினார்கள். என் கணவர் அதை அவளுக்குத் தமிழில் சொன்னார், சந்தோசமாகத்தான் தொடங்கினார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"அண்ணை, அவை கொண்டு போனதை அவர் வாங்கினவரோ?"

"ஓம்."

"நான் ரோல்ஸ்தானே கொண்டு போனனான்," என்றாள் என்னைப் பார்த்து.

என் கணவர் டிவியை நிற்பாட்டினார். அதற்குப் பிறகு அந்த வீரனைப் பற்றி அவர் என்னோடு கதைத்ததில்லை. எல்லைக்கு அந்தப்பக்கம் போகிற கார்கள் இன்றைக்கும் எங்கள் தொழிற்சாலை ஜன்னலைக் கடந்துதான் போகின்றன. அவள் நின்ற மெஷினில் வேறு ஆள் இல்லை.