வெளுத்த பப்பாளிப் பால்

பனியன் வெளுப்பதில் திருப்பூரில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்பது அறுபதுகளில் என் எண்ணம். அதை இன்றும் முழுக்கக் கைவிடவில்லை. தொட்டியில் பிளீச்சிங் பவுடரை எவ்வளவு கரைக்க வேண்டும், துணியை எப்போது தூக்க வேண்டும் என்பதெல்லாம் என் மூக்குக்கே தெரியும்.

அப்படி இருக்கையில்தான் கோவை ஏற்றுமதி ஏஜெண்ட் ஒருவர் பழக்கமானார். பப்பாளிக் காயைக் கீறி, வடிகிற பாலைக் காயவைத்துப் பொடியாக்கினால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். செரிமான மாத்திரைக்கும், பீர் கலங்காமல் இருக்கவும், தோல் பதனிடவும் அது சீமைக்குப் போகிறதாம். கறியைக் கரைக்கிற சத்து அந்தப் பாலில் இருக்கிறது என்று அவர் பெரிய ரகசியம் போலச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கிழட்டுச் சேவல் வேகாவிட்டால் குழம்பில் பப்பாளிக்காய்த் துண்டு போடாத வீடு எங்கள் பக்கம் உண்டா?

அருள்புரம் பக்கம் என் மனைவியின் அண்ணனுக்குத் தோட்டம் இருந்தது. வழக்கமாகப் பருத்தி போடுகிறவர். என் பேச்சை நம்பி ஒரு விதைப்புப் பட்டம் பருத்தியை விட்டுவிட்டுத் தோட்டம் முழுக்கப் பப்பாளி நட்டார். காய் திரண்டதும் அவரும் என் மனைவியும் விடிந்ததும் கீறிப் பால் பிடித்தார்கள். மூன்றாம் நாளே இருவருக்கும் விரல் நுனித் தோல் உரிந்துவிட்டது. அவ்வளவு உக்கிரமான பால் அது.

காய்ந்த பொடியைப் பார்த்ததும் எனக்கு மனசு ஆறவில்லை. லேசாகப் பழுப்படித்திருந்தது. பழுப்படித்த பனியனை எவன் வாங்குவான்? அடுத்துப் பிடித்த பாலில் எல்லாம், தெளிந்த பிளீச்சிங் தண்ணீரைக் கலந்து காயவைத்தேன். மல்லிகைப் பூவாட்டம் வந்தது பொடி. எதற்கு இந்த வேலை என்று மனைவி கேட்டாள். தொழில் தெரிந்தவனிடம் கேள்வி கேட்கக் கூடாது என்றேன். பழுப்புப் பொடியைத் தூரப் போடச் சொன்னேன்.

ஏஜெண்ட் எங்கள் வீட்டுக்கு வந்தார்; மச்சானும் கூட இருந்தார். டப்பாவைத் திறந்து வெள்ளையைப் பார்த்தவர், நான் எதிர்பார்த்தபடி வாயைப் பிளக்கவில்லை. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான பால் கேட்டார். நல்ல பொடியாக இருந்தால் சிட்டிகை போட்ட கொஞ்ச நேரத்தில் பால் கட்டியாகிவிடும், அதுதான் சோதனை என்றார். போட்டார். காத்திருந்தோம். பால் பாலாகவே கிடந்தது. பொடியை மோந்து பார்த்தார்.

"ஏனுங்க, இதுல பிளீச்சிங் கலந்தீங்களா?"

சத்தெல்லாம் அதிலேயே செத்துப்போய்விட்டது என்றார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் என்று என்னை அதுவரை யாரும் சொன்னதில்லை. அன்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மச்சான் கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. உரிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "அப்பப் பப்பாளியப் புடுங்கிப் போட்டுட்டு, பட்டம் தப்பறதுக்குள்ள பருத்தியே போட்டுரலாமுங்களா மாப்ளே?"

நான் வெள்ளைப் பொடி டப்பாவை மூடி ஓரமாகத் தள்ளினேன். அவர் ஒரு வருசத்தை என் பேச்சுக்காக மண்ணில் போட்டவர்.

மனைவி உள்ளே போய், மிளகாய்த் தூள் டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்தாள். நான் தூரப் போடச் சொன்ன அதே பழுப்புப் பொடி. கறிக்கு ஆகும் என்று வைத்திருந்தாளாம். இன்னொரு டம்ளர் பாலில் ஏஜெண்ட் அதிலிருந்து ஒரு சிட்டிகை போட்டார். கொஞ்ச நேரம் கழித்து டம்ளரைச் சாய்த்தார். பால் அசையவில்லை. தயிராகக் கட்டியிருந்தது.

"பனியனுக்குத்தானுங்க வெள்ளை வேணும்," என்றாள் அவள், என்னைப் பார்க்காமல். "வயித்துக்குப் போறதுக்கு எதுக்குங்க?"

ஏஜெண்ட் அந்தப் பாட்டிலையே சாம்பிளாக எடுத்துக்கொண்டார். மச்சான் மரங்களைப் பிடுங்கவில்லை. ஆனால் பால் காய்கிற இடத்துக்கு என்னை அண்டவிடவும் இல்லை. நீங்கள் பனியனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

முதல் மூட்டை போகிற அன்று, சரக்கு யார் பேரில் என்று ஏஜெண்ட் கேட்டார். நான் தொண்டையைச் செருமினேன். மச்சான் முந்திக்கொண்டு, "என் தங்கச்சி பேரு போடுங்க" என்றார்.

அட்டையில் அந்தப் பேரை எழுதி மூட்டையில் கட்டியது நான்தான். கையெழுத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.