டிஸ்ப்ளேயில் வந்த கிறுக்கல்

சங்கரன்கோவிலில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் நாங்கள் மாடி, வீட்டுக்கார அக்கா கீழே. மொட்டைமாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி இரண்டு குடும்பத்துக்கும் பொது. போர் மோட்டாரின் சுவிட்ச் கீழே அக்காவின் பின்வாசலில். அக்கா மோட்டாரைப் போட்டுவிட்டு மாட்டுக்குப் புல் அறுக்கப் போய்விடுவார். தொட்டி நிறைந்து, மாடிப்படி வழியாக எங்கள் வாசலுக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் எனக்கே தெரியும். நான் மேலேயிருந்து கத்த, அவர் கீழேயிருந்து ஓடிவர, இதுவே வழக்கமாகிப்போனது.

நான் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். எலக்ட்ரானிக்ஸ் என் பொழுதுபோக்கு. வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றது. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது நான் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருப்பேன். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே எழுத்தில் காட்டினால் என்ன என்று தோன்றியது. இரண்டு வரி எழுத்து காட்டும் சின்ன டிஸ்ப்ளே ஒன்று என்னிடம் சும்மா கிடந்தது.

சிக்கல், அதன் கால்கள். வரிசையாகப் பதினாறு. மேலே தொட்டியடியில், அளவைக் கணிக்க நான் வைக்கப்போகும் சர்க்யூட் போர்டிலிருந்து கீழே பின்வாசல் வரை அத்தனை ஒயரை யார் இழுப்பது? அதனால் டிஸ்ப்ளேயின் முதுகில் சீரியல் இணைப்புக்கான ஒரு குட்டிப் பலகையைச் சால்டர் செய்தேன். அதன்பிறகு மூன்றே ஒயர் போதும். பவருக்கு ஒன்று, கிரவுண்டுக்கு ஒன்று, எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிவர ஒன்று.

"என்னட்டி இது?" என்று கேட்டார் அக்கா.

"சீரியல் டிஸ்ப்ளேக்கா."

"சீரியலா? எந்த டிவில வருது?"

சிரித்துவிட்டேன். தொட்டிக்குள் மூன்று உயரத்தில் மூன்று ஸ்டீல் கம்பிகளைத் தொங்கவிட்டேன். எந்தக் கம்பி வரை தண்ணீர் தொடுகிறதோ, அதை வைத்து டிஸ்ப்ளே சொல்லும். 'பாதி' என்பதை ஆங்கில எழுத்தில் காட்டியதும் அக்கா வாசித்துப் பார்த்துவிட்டு, "பரவால்லையே, நம்ம வீட்டுத் தொட்டி பேசுதே" என்றார். அப்படியே கையை நீட்டி மோட்டாரைப் போட்டார்.

டிஸ்ப்ளே கிறுக்க ஆரம்பித்தது. கேள்விக்குறி, பாதி உடைந்த கட்டங்கள், ஜப்பான் எழுத்து மாதிரி ஏதேதோ. மோட்டாரை நிறுத்தினால் மறுபடி 'பாதி'. போட்டால் கிறுக்கல்.

மோட்டார் ஓடும்போது ஒயரில் மின் இரைச்சல் ஏறுவது சகஜம் என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் முழுக்க ஆபீஸ் விட்டு வந்ததும் அதே வேலை. ஒயரை மாற்றினேன். இரைச்சலை வடிகட்ட கெப்பாசிட்டர் வைத்தேன். எழுத்து அனுப்பும் வேகத்தைக் குறைத்தேன். எதற்கும் மசியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மோட்டாரைப் போட்டதும், மேலே போய் கம்பிகளின் ஒயரைப் போர்டிலிருந்து உருவினேன். கீழே எட்டிப் பார்த்து, "அக்கா, இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"எழுத்து சுத்தமா வருதுட்டி. காலின்னு போட்டிருக்கு."

மறுபடி சொருகினேன்.

"கிறுக்குது."

அப்படியானால் இரைச்சல் ஒயரில் வரவில்லை. தண்ணீரிலிருந்து வருகிறது. தண்ணீரில் எப்படி வரும்? மல்டிமீட்டரை எடுத்தேன். சிவப்பு முனையைத் தொட்டியிலிருந்து வந்த ஒயரில் வைத்தேன். கறுப்பு முனைக்கு நிலத்தோடு சேர்ந்த ஏதாவது வேண்டுமே என்று, மேல்மாடி கட்டுவதற்காகத் தூணில் நீட்டி விட்டிருந்த கம்பியில் வைத்தேன்.

மீட்டர் நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

மீட்டர்தான் பழுது என்று நினைத்தேன். எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். அதே நூற்றுச் சொச்சம். குளிக்கிற தண்ணீரில், அரிசி களைகிற தண்ணீரில் கரண்ட். போன வாரம் இதே தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு நான் கம்பி கட்டியிருக்கிறேன். அன்று மோட்டார் ஓடவில்லை, அவ்வளவுதான். அது நினைவுக்கு வந்ததும் காதுக்குள் 'ஙொய்' என்றது.

அப்போது கீழே இரும்புக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அந்தக் குழாய் போரிலிருந்து நேராக வருவது.

"அக்கா! குழாயத் தொடாதீங்க!"

படியில் எப்படி இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. ஒரு செருப்பு பாதியிலேயே கழன்றுவிட்டது. மெயின் சுவிட்சை இழுத்து இறக்கிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். அக்கா ஈரத் தரையில் ரப்பர் செருப்போடு நின்றிருந்தார். ஒரு கை குழாயின் மேல் இருந்தது.

"என்னட்டி, பேயப் பாத்தவ மாதிரி வார?"

"குழாய்ல கரண்ட் வருதுக்கா. தொட்டித் தண்ணியிலயும் வருது."

அக்கா கையை எடுத்து உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப இந்த விறுவிறுப்பு?"

"எந்த விறுவிறுப்பு?"

"குழாயத் தொறக்கும்போதுல்லாம் கை விறுவிறுங்கும்ட்டி. வாதம்னுல்லா நெனச்சேன். தைலம் தேய்க்கேன். நரம்புக்கு மாத்திரகூட வாங்கி முழுங்குதேன்."

மெயின் இறங்கித்தான் இருக்கிறதா என்று மறுபடி பார்த்தேன். அக்கா அதற்குள் தொழுவத்தைத் திரும்பிப் பார்த்திருந்தார். அவருடைய பசு கொஞ்ச நாளாகவே அதே குழாயிலிருந்து தண்ணீர் விழும் சிமெண்ட் தொட்டியில் வாய் வைக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்துக்கொண்டிருந்ததாம். மூக்கைக் கொண்டுபோவதும் வெடுக்கென்று இழுப்பதுமாக இருந்திருக்கிறது. கண்ணேறு என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார்.

"வாயில்லா சீவன் அதுக்குத் தெரிஞ்ச மட்டும் சொல்லியிருக்கு. நான் குடி குடின்னு கழுத்தப் புடிச்சு அமுக்கினேனே!" என்று அக்கா துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சிவகிரியிலிருந்து வரும் எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியை வரச் சொன்னோம். ஆள் விட்டு, போருக்குள் கிடந்த மோட்டாரை மேலே தூக்கினார்கள். கேபிள் ஒட்டுப்போட்ட இடத்தில் டேப் பிரிந்து, செம்பு வெளியே தெரிந்தது. கரண்ட் அங்கே தண்ணீரில் கசிந்து குழாய் வழியே ஏறியிருக்கிறது.

"சரி, எர்த் ஒழுங்கா இருந்தா அப்பவே பியூஸ் போயிருக்கணுமே," என்று அண்ணாச்சி, கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் ஒயர் புதைத்த குழியைத் தோண்டினார். காம்பவுண்டுச் சுவரின் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியபோது யாரோ மண்வெட்டியால் வெட்டி, அப்படியே மண்ணைப் போட்டு மூடிய ஒயரின் நுனி வெளியே வந்தது. இத்தனை வருடமும் அது எதோடும் சேராமல் மண்ணுக்குள் கிடந்திருக்கிறது. அவர் அதைக் கையில் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்தன நாளு யாருக்கும் ஒண்ணும் ஆவலையா?" என்றார்.

புது கேபிள் வந்தது. எர்த் புதிதாகப் போட்டார்கள். கசிவு என்றால் உடனே மெயினை அணைத்துவிடும் டிரிப்பர் ஒன்றும் வைத்தார்கள். ராஜபாளையத்தில் வேலை பார்க்கும் என் கணவரிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். "நீ நல்லா இருக்கேல்ல?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அக்கா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். மறுவாரம் நாலைந்து பேர், எங்கள் வீட்டையும் பாரேன் என்று கூப்பிட்டார்கள். மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். முதல் வீடு சரியாக இருந்தது. அடுத்த வீட்டில் சமையலறைப் பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தால், எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. வீடு கட்டிய நாளிலிருந்தே இல்லை. அதே பிளக் பாயிண்டில்தான் அந்த வீட்டு அம்மா தினமும் கிரைண்டர் போடுகிறார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"மாவு ஒழுங்கா அரைக்குதேம்மா. அப்ப எல்லாம் சரியாத்தான இருக்கு?"

கழற்றிய பிளக் பாயிண்டைத் திருப்பி, ஒயர் இல்லாத எர்த் ஓட்டையின் பின்பக்கத்தை அந்த அம்மாவிடம் காட்டினேன்.