அண்ணன் கழற்றிப் போட்ட ஜீப்

அண்ணன் ஓரிடத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடியே சாப்பிடுவார். கல்யாண வீட்டில் தாலி கட்டி முடிவதற்குள் இரண்டு முறை எழுந்து போய், தொட்டியில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு வந்திருப்பார். அப்படிப்பட்டவர் அசைவற்றுக் கிடந்ததை நாம் பார்த்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அண்ணி கேட்டபோது, அண்ணனின் நற்குணங்களை வரிசையாகச் சொல்லி நான்கு பக்கம் எழுதினேன். பிறகு கிழித்துவிட்டேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொல்லியிருக்கிறாய் என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது.

அண்ணன் தாடிக்கொம்பில் பிறந்தவர். எங்கள் தந்தையார் அங்கே மாவு மில்லில் வேலை பார்த்தார். அண்ணன் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது தந்தையார் காலமானார். எனக்கு அப்போது நான்கு வயது. அடுத்த மாதமே அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் திண்டுக்கல்லில் ஒரு பம்புசெட்டுப் பட்டறையில் சேர்ந்தார். பின்னாளில் சொந்தமாகக் கிணற்று மோட்டார் வேலை எடுத்துச் செய்யத் தொடங்கி, அம்மாவையும் என்னையும் நாகல் நகருக்கு அழைத்து வந்தார். என்னைப் புகுமுக வகுப்பு வரை படிக்கவைத்தார். அதற்கு மேல் எனக்குப் படிப்பு ஏறவில்லை. அதற்காக அவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. டிரைவிங் கற்றுக்கொடுத்து லைசென்ஸும் எடுத்துத் தந்தார்.

எண்பத்தொன்று வாக்கில், தோல் வியாபாரி ஒருவரிடமிருந்து ஒரு பழைய ஜீப்பை வாங்கினோம். கிணற்று வேலைக்கு மோட்டார்களை ஏற்றிப் போக அது அண்ணனுக்கு வேண்டியிருந்தது. மற்ற நாட்களில் நான் வாடகைக்கு ஓட்டினேன். உப்புப் போட்ட ஈரத் தோல்களை வருஷக்கணக்கில் சுமந்த வண்டி அது. எத்தனை முறை கழுவினாலும் வெயில் ஏறினால் வாடை கிளம்பும். உப்புத் தண்ணீர் இடுக்கு வழியே இறங்கி, வண்டி முழுவதையும் தாங்குகிற சேஸ் என்ற அடிச்சட்டத்தைத் தின்றுகொண்டிருந்தது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டாருக்கு ஓட்டுநர் என்றால் யோசனை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் என் நண்பர் ஒருவர் உதிரிபாகக் கடை வைக்கப்போவதாகவும், என்னைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார். ஜீப்பை விற்றால்தான் அது நடக்கும். அண்ணனும் சரி என்றார். கிணற்று வேலைக்கு வாடகை வண்டி பிடித்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார்.

விற்பதற்கு முன் அடிப்பக்கத்தைச் சுத்தம் செய்யப் படுத்தேன். இடது பின் சக்கரத்துக்கு மேல், ஸ்பிரிங் பட்டைகளைச் சட்டத்தோடு பிணைக்கும் இடத்தில் துரு பூத்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். அது கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. செத்த நேரம் அப்படியே படுத்துக் கிடந்தேன். பிறகு எழுந்து போய்க் கறுப்பு பெயிண்ட் வாங்கி வந்து, ஓட்டையில் மக்குப் பசையை அடைத்து, சட்டம் முழுக்க இரண்டு தடவை அடித்தேன். அண்ணன் அப்போது வேடசந்தூர்ப் பக்கம் ஒரு கிணற்று வேலைக்காகப் போயிருந்தார்.

மறுநாள் காலையில் பாலசமுத்திரத்திலிருந்து ஒரு விவசாயி வந்து வண்டியைப் பார்த்தார். குனிந்துகூடப் பார்க்கவில்லை. "கொழந்தைங்களப் பழனிப் பள்ளிக்கோடத்துல கொண்டு போய் உடறதுக்குத்தானுங்க. நீங்க நல்லாருக்குதுன்னா எனக்குப் போதுமுங்க" என்றார். நல்லா இருக்கு என்றேன். இரண்டு வாரத்தில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் அண்ணன் திரும்பி வந்தார். வழக்கம்போல் உட்காராமல் ஜீப்பைச் சுற்றி வந்தார். சுத்தியலோடு அடியில் நுழைந்தார். சட்டத்தை அவர் தட்டிக்கொண்டே போகும் சத்தம் எனக்கு வீட்டுக்குள் கேட்டது. கணீர் கணீரென்று வந்த சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று அமுங்கியது. வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, பின்னாடி சேஸ் இத்துப் போயிருக்கு. ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே" என்றேன்.

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது பானெட்டும் முன் மட்கார்டுகளும் கழன்று சுவரோரம் சாய்ந்திருந்தன. அண்ணன் ஸ்டியரிங்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாடியை முழுசாகத் தூக்கினால்தான் சட்டத்தைச் சரி செய்ய முடியும் என்றார்.

நான் கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. அவருக்கு என் கல்யாணம் பிடிக்கவில்லை, நான் தனியாக நிற்பது பிடிக்கவில்லை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அம்மா அழுதார்கள். அண்ணன் ஸ்பேனரை மாற்றிக்கொண்டார். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

அதன்பின் வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. வீட்டில் இருக்கவும் முடியாது, வெளியே போனால் என்ன ஆயிற்றோ என்று திரும்பி வராமல் இருக்கவும் முடியாது. பஸ் ஸ்டாண்டுக்குப் போவேன், ஒரு டீ குடித்துவிட்டு உடனே திரும்புவேன். ஒவ்வொரு தடவையும் வண்டி இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கும். அண்ணன் போல்ட்டுகளை இடம் வாரியாகப் பால் டப்பாக்களில் போட்டு வைத்தார். ஒயர்களுக்கு அடையாளமாகப் பழைய சேலைகளிலிருந்து நிறம் நிறமாக அண்ணி கிழித்துக் கொடுத்த துணிகளைக் கட்டினார். கழல மறுத்த போல்ட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, அப்போதும் மசியாதவற்றை உளியால் வெட்டினார். நண்பர் கடைக்கு நாள் குறித்துவிட்டார். பெண் வீட்டிலிருந்து ஆள் வந்து விசாரித்துப் போனது. பாலசமுத்திரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியவன் நான். இன்று, நாளை என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழை விட்ட ஒரு காலையில் பாடியைத் தூக்க ஏற்பாடு செய்தார். கிணற்றிலிருந்து மோட்டார் தூக்குவதற்கு அவர் வைத்திருந்த மூன்று கால் இரும்புக் கம்பத்தை ஜீப்புக்கு மேல் நிறுத்தி, சங்கிலிக் கப்பியை மாட்டினார். அவருடைய நண்பரான வெல்டிங் பட்டறை ஜமால் பாய் பக்கத்து வீட்டார் இருவரோடு வந்திருந்தார். நான் வாசல் கேட்டருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பாடி இரண்டு அடி எழும்பியபோது ஏதோ ஒரு கேபிள் இழுத்துப் பிடித்தது. அண்ணன் கப்பியை நிறுத்தச் சொல்லிவிட்டு, பொறுமையில்லாமல் தலையை உள்ளே நுழைத்தார். அந்த நேரம் கம்பத்தின் ஒரு கால் ஈர மண்ணில் இறங்க ஆரம்பித்தது. மேலே பாடி மெல்லச் சாய்ந்தது. நான் எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. அந்தக் காலுக்குத் தோளால் முட்டுக்கொடுத்து நின்றேன். ஜமால் பாய் ஒரு கருங்கல்லை உருட்டி அடியில் தள்ளினார். அண்ணன் வெளியே வந்து என்னைப் பார்த்தார். "விட்றாத, பிடிச்சுக்க" என்று மட்டும் சொன்னார்.

சட்டத்தைச் சக்கரங்களோடு வெளியே உருட்டி, பாடியை நான்கு தார் டின்களின் மேல் இறக்கினோம். வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் முழு சேதமும் தெரிந்தது. என் நான்கு விரல்களும் போகும் அளவுக்கு ஓட்டை. இன்னொரு பக்கமும் விரிசல். "இம்புட்டு நாள் ஓடுனதே பெரிசு" என்றார் ஜமால் பாய்.

கொல்லையில் கை கழுவப் போனேன். அண்ணி தண்ணீர் ஊற்றினார். என் கையைப் பார்த்துக்கொண்டே, "ஒங்க அண்ணன் வேடசந்தூர்லருந்து வந்த அன்னைக்கு ரெண்டு கையும் கறுப்பு, தம்பி. பெயிண்டு காயவே இல்லையாம். மண்ணெண்ணெய் போட்டுத்தான் கழுவுனாக" என்றார். அதைச் சொல்லிவிட்டுச் செம்பை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அப்படியானால் எல்லாம் தெரிந்தேதான் என்னிடம் கேட்டிருக்கிறார். என் பொய்யையும் கேட்டுக்கொண்டு, என் ஏச்சையும் கேட்டுக்கொண்டு, பத்து நாளாகக் குனிந்து போல்ட் கழற்றியிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து, சொல்லியிருந்ததற்கு முன்னதாகவே பாலசமுத்திரத்துக்காரர் வந்து நின்றார். சுவரோரம் கிடந்த கதவுகளையும், டின்களின் மேலிருந்த பாடியையும், தனியாக நின்ற சட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வாய் திறக்குமுன் அண்ணன் முந்திக்கொண்டார். "அடிச்சட்டம் உப்புல இத்துப் போச்சுங்கய்யா. எங்களுக்கே இப்பத்தான் தெரிஞ்சுச்சு. நல்லபடியா செஞ்சு தந்திருவோம்" என்றார்.

அண்ணன் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். எனக்காகச் சொன்னது.

"எனக்கு முன்னாடியே தெரியுங்க. நான்தான் பெயிண்ட் அடிச்சு மறைச்சேன்" என்றேன்.

பாலசமுத்திரத்துக்காரர் சட்டத்தருகே போய் அந்த ஓட்டையைத் தொட்டுப் பார்த்தார். அண்ணி கொண்டுவந்த காப்பியை வாங்கவில்லை. "நாலு கொழந்தைங்களுங்க" என்றார். போய்விட்டார்.

அண்ணன் சட்டத்தின் மூலைக்கு மூலை நூல் பிடித்துக் குறுக்களவு எடுத்தார். இற்ற பகுதியை ஜமால் பாய் வெட்டியெடுத்துப் புது இரும்பை வைத்து வெல்டிங் செய்தார். அளவு நூலிழை பிசகினாலும் அண்ணன் மறுபடி செய்யச் சொல்வார். நானும் கூடவே நின்றேன். தேவையானதை மட்டும் பேசிக்கொண்டோம். முழு வண்டியாக மறுபடி நிற்க ஐந்து வாரம் ஆயிற்று. அதற்குள் கடையில் வேறொருவர் கூட்டாளியாகிவிட்டார். அந்தச் சம்பந்தமும் கைவிட்டுப் போனது. அடுத்த ஆண்டு என்னை ஓட்டுநராகவே ஏற்றுக்கொண்டு வந்தவள் இதைப் படிப்பாள். ஆகவே அதில் எனக்கு வருத்தமில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வண்டி தயாரான மறுநாள் அண்ணன் என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். எங்கே என்று கேட்டதற்கு, பாலசமுத்திரம் என்றார். பழனி ரோடு முழுவதும் மெதுவாகவே ஓட்டினேன். அந்த விவசாயி ஏற்கெனவே வேறொரு வண்டி வாங்கிவிட்டிருந்தார். எங்களைப் பார்த்து அவர் முகம் மலரவில்லை. அண்ணன் பேரம் முறிந்ததற்கு அடையாளமாக வெற்றிலை பாக்கைத் திருப்பிக் கொடுத்து, சிரமப்படுத்தியதற்குப் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். கிளம்பும்போது அந்த விவசாயி எங்கள் பின்னாலேயே வந்து, "ஏனுங்க, இந்த வண்டிக்கும் அடியில ஒருக்காப் பாத்துச் சொல்லீட்டுப் போறீங்களா?" என்றார். அண்ணன் அந்த நிமிடமே சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு அடியில் புகுந்துவிட்டார். அன்று மதியம் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டோம்.

அந்த ஜீப் இன்றும் என்னிடம் ஓடுகிறது. அண்ணனின் உடல்தான் முந்திக்கொண்டது. சென்ற ஆண்டு இதயம் பழுதென்று மருத்துவர்கள் படுக்கச் சொன்னார்கள். அவரோ குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வார்டில் நடந்தார். ஆடுகிற கட்டில்களுக்கு அட்டை மடித்துச் சொருகினார். நர்சம்மா திட்டினால் சிரித்துக்கொண்டே இன்னொரு சுற்று போய் வருவார். பன்னிரண்டாம் நாள் காலை, ஜன்னலருகே நின்றவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

மருத்துவமனையில் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பகலெல்லாம் கூடவே இருந்த ஜமால் பாய்க்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த நாகல் நகர், தாடிக்கொம்பு உறவினர்களுக்கும், தகவல் கேட்டதும் நான்கு பிள்ளைகளோடும் வந்து நின்ற பாலசமுத்திரத்து ஐயாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணனிடம் நான் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. பலமுறை முயன்றேன். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினாலே ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விடுவார். இன்று அவரால் எழுந்து போக முடியாது. ஆகவே உங்கள் அனைவர் முன்பாகவும் கேட்கிறேன். அண்ணே, என்னை மன்னிச்சிருங்க.