துபாய் முதல் அடி அண்ணாமலை வரை: ஐந்து மணி நேரம் என்று நான் சொன்ன கணக்கு

துபாயிலிருந்து சென்னைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அடிக்கடி கேட்கிறீர்கள். 1984-இல் நான் வந்த ஒரு பயணத்தைச் சொல்கிறேன்.

அப்போது துபாயில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர் வேலை. முதன்முதலாகக் கிளம்பிய அன்று அம்மா அழுதாள். "அஞ்சு மணி நேரம்தாம்மா, மெட்ராஸுக்குப் பஸ்ல போற நேரம்" என்று சமாதானம் சொன்னேன். பொய்யில்லை. பம்பாய்க்கு ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். அங்கிருந்து மெட்ராஸ் 1,000 கிலோமீட்டர், இரண்டு மணிக்குள். அம்மா அதைக் கேட்டுத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வருடம் ஒரு செவ்வாய் காலை ஒன்பது மணிக்குத் தந்தி வந்தது: அம்மா கவலைக்கிடம். உயிரோடு பார்த்துவிட வேண்டும், வேறொன்றும் தோன்றவில்லை. பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் இருந்தது. அது கைக்கு வரவே மதியம் இரண்டாகிவிட்டது. மாலை ஆறுக்கு விமானம். நம்மூர் நேரம் இரவு பத்தரைக்குப் பம்பாய். சுங்கச் சோதனை, வரிசை, பிறகு விடியும்வரை பெஞ்சு. காலை ஆறரை விமானம் எட்டேகாலுக்கு மெட்ராஸில் இறக்கியது. பத்து மணிக்குப் பஸ், டிக்கெட் பதினாறு ரூபாய். செஞ்சி தாண்டி மலை தெரிந்ததும் கை தானாகக் கும்பிட்டது. என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றேகாலுக்குத் திருவண்ணாமலை. ஜட்காக்காரர் எட்டு ரூபாய் கேட்டார், பேரம் பேசவில்லை. என் பெட்டியில் தொங்கிய விமான நிறுவனச் சீட்டைப் பார்த்து வண்டிக்காரர் கேட்டார்.

"பிளேன்லியா வந்தீங்க? எவ்ளோ நேரம் ஆவும்?"

"அஞ்சு மணி நேரம்" என்றேன். வாய்க்குப் பழகிப்போயிருந்தது.

"அவ்ளோதானா!" என்று குதிரையைத் தட்டினார்.

நான்கு மணிக்கு அடி அண்ணாமலையில் எங்கள் தெருவில் இறங்கினேன். எந்த வீட்டிலும் அடுப்புப் புகை இல்லை. பிணம் எடுக்கும்வரை எங்கள் தெருவில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அப்போதே புரிந்துவிட்டது. எனக்காகத்தான் காத்திருந்தார்கள்.

கொள்ளி வைத்துவிட்டு வந்த பிறகு தம்பி குமாரிடம் சத்தம் போட்டேன். "ஏன்டா முன்னாடியே தந்தி குடுக்கல?"

அவன் தலை நிமிரவில்லை. "தந்தி குடுக்கட்டுமான்னு நாலு நாளா கேட்டுக்கினேதான் இருந்தேண்ணா. அம்மாதான் வுடல. 'அஞ்சு மணி நேரம்தானே, ஜாஸ்தியானா சொல்லிக்கலாம், அவன் வேலையக் கெடுக்காத'ன்னு சொல்லிட்டாங்க. திங்கக்கெழம பேச்சு நின்னப்புறந்தான் தந்தி ஆபீசுக்கு ஓடினேன்."

தந்தி கைக்கு வந்ததிலிருந்து வீட்டு வாசல்வரை, இரண்டு ஊர் நேரத்துக்கும் உள்ள ஒன்றரை மணி வித்தியாசம் போக, எனக்கு ஆனது இருபத்தொன்பதரை மணி நேரம். அவள் எனக்காக ஒதுக்கி வைத்திருந்தது ஐந்து.

இன்று நேர் விமானம் இருக்கிறது, நான்கு மணி நேரம் என்று இணையம் சொல்லும். அது ஓடுபாதையிலிருந்து ஓடுபாதைக்கு. பாஸ்போர்ட்டை உங்கள் கையில் வைத்திருங்கள். விடுப்பு, டிக்கெட், வரிசை, பஸ் எல்லாவற்றையும் கூட்டி, வாசலிலிருந்து வாசலுக்கு எவ்வளவு ஆகும் என்று வீட்டாரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கேட்டு அம்மா அழுதால் அழட்டும்.