லட்சுமணனுக்கு வந்த சொம்பு

லட்சுமணனைத் திருவொற்றியூர்த் தெருவில் பார்க்கிற யாருக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். அத்தனை உயரத்தில் உட்கார்ந்து கீழே இருப்பவனிடம் கத்திக் கத்தி, பக்கத்தில் நிற்பவனிடமும் அதே குரலில்தான் பேசுவார். டீக்கடையில் அவர் ஒரு டீ கேட்டால் எதிர்ச் சாரியில் போகிறவனும் திரும்பிப் பார்ப்பான். இப்படிப்பட்ட மனிதருக்கு எங்கள் தோழமைச் சங்கத்தில் என்ன வேலை தெரியுமா? கோபப்படுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது.

சங்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு சாயங்காலம் முப்பது பேர் கூடுவோம். மீன் பிடிக்கிறவர், கம்பெனி ஆள், கடைக்காரர், என்னைப் போலப் பள்ளிக்கூட வாத்தியார் எல்லாரும் உண்டு. ஒருவர் வீட்டில் ஆஸ்பத்திரி, சாவு, கல்யாணம் என்றால் மற்ற இருபத்தொன்பது பேரும் போய் நிற்க வேண்டும். மற்றபடி உட்கார்ந்து பேசுவதுதான் வேலை. வாசலைத் தாண்டிவிட்டால் எல்லாருக்கும் எல்லாரும் அண்ணன். எழுபது வயதுக்காரர் என்னை "அண்ணே" என்பார். முதலில் கூச்சமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது.

இன்னொரு வழக்கமும் உண்டு. யார் குரல் உயர்ந்தாலும் ஒரு பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீர் அவர் கைக்கு வரும். உதடு படாமல் அண்ணாந்து முழுவதும் குடிக்க வேண்டும். அப்புறம், எதிராளி என்ன சொன்னார் என்பதை முதலில் தன் வாயால் சொல்லிவிட்டுத்தான் தன் கட்சியைப் பேசலாம். சொம்பை வாங்க மறுத்தால் பெயரை அடித்துவிடுவோம். இரண்டு பேர் அப்படிப் போனார்கள், திரும்பி வரவே இல்லை.

பதினாலு வருஷமாகச் சொம்பு லட்சுமணன் கையில். சனிக்கிழமையே புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்துவிடுவார். மனைவி போன பிறகு அவர் வீட்டில் பேசுவது டி.வி. மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமையை நம்பித்தான் மற்ற ஆறு நாளையும் தள்ளுகிறார் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். பொங்கலிலிருந்து முழங்கால் வீங்கி, தாங்கித் தாங்கி நடக்கிறார். அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் பிடிக்காது.

போன மாசம் மளிகைக்கடை ராசையா எழுந்தார். நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷமாக இங்கே கடை வைத்திருப்பவர், லட்சுமணனுக்குப் பக்கத்து நாற்காலிக்காரர், நெருங்கிய சிநேகிதர்.

"அண்ணே, இனிமே ஆளுக்கொரு தண்ணி பாட்டில நாற்காலி பக்கத்துலயே வச்சிரலாம். சொம்பத் தூக்கிக்கிட்டு ஒருத்தரு அங்கயும் இங்கயும் நடக்க வேண்டாம்லா."

நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் லட்சுமணன் காதில் விழுந்தது வேறு.

"இன்னாது?" என்று எழுந்தார். "எங்க ஏரியாவுல வந்து கடை போட்டுகினு, என்னையே எய்ந்து போன்னு சொல்றியா? நீ யார்யா அத்த சொல்றதுக்கு?"

"அண்ணே" என்கிற பேச்சே போய்விட்டது. முப்பது வருஷம் இந்த உப்புத் தண்ணீரைக் குடித்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. எல்லாரும் பழக்க தோஷத்தில் சொம்பு எங்கே என்று பார்த்தோம். அது லட்சுமணன் நாற்காலிக்கு அடியில் இருந்தது. தண்ணீர் கொடுக்கிறவருக்கே கோபம் வந்தால் யார் கொடுப்பது? பதினாலு வருஷத்தில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. விதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்த மகா புத்திசாலியான எனக்கும் தோன்றவில்லை.

ராசையா முகம் சுண்டிப்போய்விட்டது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார், கிளம்பினாலும் தப்பில்லை என்று நினைத்தேன். அவர் குனிந்து சொம்பை எடுத்தார். மூலையில் இருந்த பானைக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்தார். இரண்டு கையாலும் நீட்டினார்.

"குடிங்கண்ணே."

லட்சுமணன் வாங்கவில்லை. வாங்கவில்லை என்றால் அவர் பெயரை நான்தான் என் கையால் அடிக்க வேண்டும். 'வாங்குய்யா, வாங்கித் தொலை' என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

வாங்கினார். அண்ணாந்து குடித்தார். பாதித் தண்ணீர் கழுத்து வழியாகச் சட்டைக்குள் போனது. நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார், மறுபடி குடித்தார். முடித்துவிட்டுப் பேச வாயைத் திறந்தார். கண்ணில் அதே கோபம். வாயை மூடிக்கொண்டார். வெறும் சொம்பை ராசையாவிடம் நீட்டினார்.

"இன்னொண்ணு."

யாரும் சிரிக்கவில்லை. ராசையா மறுபடி போய் நிரப்பிக் கொண்டுவந்தார். அதையும் குடித்து முடிக்கும்போது லட்சுமணனின் தோள் இறங்கியிருந்தது. வழக்கப்படி எதிராளி சொன்னதைச் சொல்ல வேண்டும்.

"கால் வீங்கிகினு நான் நடக்கிறத இவரால பாக்க முடியல. அதான் பாட்டில் வெச்சிடலாம்னாரு." ராசையாவைப் பார்த்தார். "கரீட்டாண்ணே?"

"சரிதாம்ணே."

"நான் சொன்னது கலீஜ் பேச்சு. மன்சுல வெச்சுக்காதீங்கண்ணே."

ராசையா தலையை ஆட்டினார். "அப்பாடா" என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

லட்சுமணன் சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இம்மாம் பெர்சா கீது. ஒருத்தருக்கும் வாயத் தொறந்து சொல்லத் தோணலையா? சீக்கிரம் குடி, சீக்கிரம் குடின்னு உங்க உயிர வாங்கிகினு இருந்தேனே."

பாட்டில் தீர்மானம் நிறைவேறவில்லை. இப்போது லட்சுமணன் பானைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொம்பை நிரப்பித் தருகிறார். ராசையா கொண்டுபோய்க் கொடுக்கிறார். குடிக்கிறவரை இரண்டு பேரும் அவசரப்படுத்துவதில்லை.